பூ பூக்கிறது, காய் நிற்கவில்லை: மலையகத் தக்காளிக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பது பற்றிய கேள்வி பதில்

இலங்கையில் நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், பண்டாரவளை, வெலிமடை என்று மேட்டுப் பக்கம் தக்காளி வைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) முன்னால் நாலு செடி வைத்திருப்பவருக்கும் பொலித்தீன் கூடாரத்தில் வரிசை வரிசையாக நட்டிருப்பவருக்கும் தலைவலி ஒன்றுதான். செடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது, கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, அப்புறம் பூ காம்போடு உதிர்ந்துவிடுகிறது.

தக்காளிப் பூவுக்குத் தேனீ வந்துதான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவில் இருக்கின்றன. ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கியிருக்கும், நடுவில் கூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி உண்டான கூம்பு அது. நகத்தால் கீறிப் பிரித்தால் உள்ளே வெளிர்பச்சை நிறத்தில் மெல்லிய தண்டு தெரியும். அதன் நுனிதான் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி. மகரந்தத் தூள் கூம்பின் உட்பக்கமாக உதிரும். பூ தலைகீழாகத் தொங்குவதால், தூள் கீழே வரும் வழியில் சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு சின்னக் குலுக்கல் வேண்டும், அவ்வளவுதான். வெளியில் நிற்கும் செடிக்கு அதைக் காற்றே செய்துவிடும்.

தக்காளிப் பூவில் தேன் சுரப்பதில்லை. அதனால் தேன்கூட்டுத் தேனீக்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வருகிறவை வேறு: கூரை மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட ஒரு சின்னத் தேனீயும். இவை கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை ‘ர்ர்ர்’ என்று அதிர வைக்கும். தூள் கூம்பின் நுனி வழியாகக் கொட்டும். நாம் கையால் செய்வதும் இந்த அதிர்வைத்தான்.

அப்படியென்றால் நம் பக்கம் ஏன் காய் பிடிப்பதில்லை?

மூன்று காரணங்கள் இருக்கின்றன. உங்கள் தோட்டத்தில் எது என்று தெரியாமல் கையால் செய்யக் கிளம்பினால் வேலைதான் மிஞ்சும்.

முதலாவது ஈரம். பனிமூட்டமும் தூறலும் விடாமல் இருந்தால் மகரந்தம் ஈரத்தில் கட்டியாகிவிடும், கூம்பை விட்டு இறங்காது. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் தக்காளிக்கு நல்லது. மூட்டம் இறங்கிய நாளில் நம் மலையில் அதெல்லாம் எட்டாக்கனி. இந்த ஈரம் எல்லாப் பக்கமும் ஒரே காலத்தில் வருவதும் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை ஊற வைக்கும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, வெலிமடை, பதுளையில், காய்ந்த காற்று அடிக்கும். அந்தக் காற்றே பூவைக் குலுக்கிவிடும் என்பதால் அங்கே அப்போது யாரும் கையால் செய்ய வேண்டாம். ஊவாவுக்கு மழையும் மூட்டமும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆகவே ஹட்டன்காரருக்குச் சொல்லும் மாதத்தைப் பண்டாரவளைக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது குளிர். இரவு வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் நல்ல மகரந்தம் உண்டாவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இரவு அதற்குக் கீழே போவது சாதாரணம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே விழும். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பூ விரிவதற்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே குளிர் அதைக் கெடுத்துவிடுகிறது. இன்றைக்கு வெயில் அடிக்கிறதே என்று சந்தோஷப்பட்டு என்ன செய்ய, இன்று விரிந்த பூவின் கதை போன வாரமே முடிந்திருக்கலாம்.

மூன்றாவது காற்றே இல்லாமை. இது கூடாரக்காரர்களின் பிரச்சினை. நாலு பக்கமும் மூடிய பொலித்தீனுக்குள் காற்றும் வராது, வண்டும் வராது. நடுப்பகலில் உள்ளே சூடு 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் அந்தச் சூட்டிலும் செத்துப்போகும். இரவில் குளிர், பகலில் சூடு என்று இரண்டு அடியும் ஒரே செடிக்கு.

கையால் செய்தால் கட்டாயம் காய் பிடிக்குமா?

கையால் மகரந்தத்தை நகர்த்த முடியும், உண்டாக்க முடியாது. பூவுக்குள் நல்ல தூள் இருந்து அது இறங்காமல் இருந்தால் கை வேலை அருமையாகப் பலன் தரும். தூளே இல்லையென்றால் மணிக்கணக்கில் தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

எது உங்கள் நிலைமை என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். வெயில் ஏறி, பூ நன்றாகக் காய்ந்த பிறகு, அணைத்து வைத்த போனின் கறுப்புத் திரையைத் துடைத்துவிட்டு, முழுதாக விரிந்த பூவுக்கு நேர் கீழே பிடியுங்கள். காம்பை விரல் நகத்தால் நாலைந்து முறை சுண்டுங்கள். திரையில் வெளிர்மஞ்சள் தூள், மாவு தூவியது போல மெல்லியதாகப் படிந்தால் மகரந்தம் இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம். ஒன்றும் விழவில்லையென்றால் வேறு செடியில் மூன்று நாலு பூவையும் பாருங்கள். எதிலும் இல்லையென்றால் அந்தக் கொத்தை விட்டுவிட்டு, குளிர், சூடு, ஈரம் மூன்றில் எது என்று பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். தூள் விழுந்துவிட்டது என்பதற்காக அதற்குள் உயிர் இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதை விட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த நேரத்தில் செய்வது?

காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். மலையில் மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்குகிற இடம் என்றால் 10 முதல் 12 வரைதான் உங்கள் நேரம். பனி காய்ந்ததா என்பதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை. இலையைத் தொட்டால் கையில் ஈரம் படக் கூடாது.

காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போனால் பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அப்போது செய்யலாமா?

தாராளமாக. சாப்பிட உட்காருவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செடிப் பக்கம் போய் வாருங்கள். நாலு செடிக்கு அதற்கு மேல் எடுக்காது. விடியற்காலையில் போகும் அவசரத்தில் செய்வதைத்தான் தவிர்க்க வேண்டும். பூ நனைந்திருக்கும், தூள் இறங்காது, ஈரச் செடியைத் தொட்டால் நோயும் பரவும். அன்று முழுக்க மழை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு பூ இரண்டு மூன்று நாள் விரிந்திருக்கும், நாளைக்கும் வாய்ப்பு இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது?

செலவில்லாத வழி தட்டுவது. பூங்கொத்தின் காம்பைப் பிடித்து, பூக்களுக்குச் சற்று மேலே, விரலால் அல்லது ஒரு பென்சிலால் டக் டக்கென்று நாலைந்து முறை தட்டுங்கள். பலமாக ஆட்டுவதால் பலன் அதிகமாகாது, சின்னச் சின்ன வேகமான தட்டல்தான் தூளை இறக்கும். கம்பு நட்டுக் கட்டிய செடி என்றால் கம்பின் மேல் பகுதியைத் தட்டினாலே எல்லாக் கொத்தும் ஆடும். வீட்டுத் தோட்டத்துக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்தது பற்றரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ். வண்டின் அதிர்வுக்குக் கிட்டத்தட்ட ஈடு கொடுப்பது இதுதான். பழையதாக ஒன்று கிடைத்தால் செடிக்கென்றே வைத்துவிடுங்கள். பிரஷின் முதுகுப் பக்கத்தை, தும்புப் பக்கத்தை அல்ல, பூ தொங்கும் சின்னக் காம்பில் வைத்து ஒரு விநாடி, இரண்டு விநாடி அழுத்துங்கள். கூம்பின் மேல் நேராக வைத்தால் அது நசுங்கி, அடுத்த நாள் பழுப்புத் தழும்பு தெரியும். வெயில் உங்களுக்கு எதிரே இருக்கும்படி நின்று செய்தால், கூம்பின் நுனியிலிருந்து தூள் புகை மாதிரி கிளம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்ததும் அடுத்த பூவுக்குப் போங்கள். இசைக்கவை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவை) இருந்தால் அதைத் தட்டிக் காம்பில் வைத்தாலும் இதே வேலை நடக்கும்.

போனை வைப்ரேட்டில் போட்டுக் காம்பில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அதற்குப் பென்சிலே மேல். போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தால் தக்காளி விலை எங்கேயோ போய்விடும்.

பெயின்ட் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி?

பூசணிக்குச் சரி. தக்காளிக்கு அவ்வளவாக ஒத்துவராது, ஏனென்றால் மகரந்தமும் சூல்முடியும் கூம்புக்குள்ளே மூடிக் கிடக்கின்றன. வெளியே தடவுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. ஒரே ஒரு சந்தர்ப்பம் விதிவிலக்கு, அது அடுத்த கேள்வியில் வருகிறது.

சில பூக்களில் சூல்முடி கூம்பைத் தாண்டி ஊசி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வியாதியா?

வியாதியில்லை. சில இனங்களில் இயல்பாகவே அப்படி இருக்கும், சிலவற்றில் சூடு கூடினாலோ வெளிச்சம் குறைந்தாலோ அப்படி ஆகும். இந்தப் பூவைத் தட்டினால் தூள் இறங்கும், ஆனால் சூல்முடியில் படாமல் காற்றோடு போகலாம். ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டியைக் கீழே பிடித்துத் தட்டி, நாலைந்து பூக்களின் தூளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீட்டிய நுனியைக் கரண்டியில் மெல்லத் தொட வைக்கலாம், அல்லது பஞ்சுக் குச்சியால் எடுத்து ஒற்றலாம். நுனி பளபளவென்று லேசாகப் பிசுபிசுத்தால் வாங்கத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்து பழுப்பானால் நேரம் கடந்துவிட்டது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இரண்டு நாளுக்கு ஒருமுறை. ஒரு கொத்தில் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிவதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க முடியாது. தினமும் செய்தாலும் கெடுதல் இல்லை.

பிடித்ததா இல்லையா என்று எப்போது தெரியும்?

நாலைந்து நாளில் தெரிய ஆரம்பிக்கும், குளிர்ந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். காம்பைக் கவனியுங்கள். நடுவில் முழங்கை மாதிரி ஒரு கணு இருக்கும். பிடிக்காத பூ அந்தக் கணுவில் மஞ்சளாகி, லேசாகத் தொட்டாலே அங்கே கழன்று விழும். பிடித்த பூவில் கணு பச்சையாகவே இருக்கும், காம்பு கொஞ்சம் தடிக்கும். இதழ்கள் வாடிச் சுருண்டு கூம்போடு சேர்ந்து காய்ந்துபோகும், இதழ்களுக்குக் கீழே இருக்கும் பச்சைப் புல்லிவட்டம் மட்டும் விரிந்து நிற்கும். அதன் நடுவில் கடுகளவு பச்சை உருண்டை தெரிந்தால் வேலை முடிந்தது. காய்ந்த இதழ் காயின் நுனியில் தொப்பி போட்டது போல ஒட்டிக்கொண்டிருந்தால், மழைக் காலத்தில் மட்டும் மெல்ல எடுத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

பூவிலிருந்து பழம் வரை பொதுவாக 45 முதல் 60 நாள். நுவரெலியா உயரத்தில் அதற்கு மேலும் போகும்.

காய் பிடிக்கிறது, ஆனால் கோணல் மாணலாக, வடு வடுவாக வருகிறது.

மொட்டு உருவாகும்போது அடித்த குளிர்தான் பெரும்பாலும் காரணம். பெரிய பழம் தரும் இனங்களில் இது கூடுதல். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தாலும் காய் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பும், ஏனென்றால் விதை பிடித்த பக்கம்தான் சதை வைக்கும். வெட்டிப் பார்த்தால் சூம்பிய பக்கத்தில் விதை குறைவாக இருக்கும். பழம் சாப்பிட நன்றாகவே இருக்கும், கடைக்காரர்தான் விலையைக் குறைப்பார்.

காயின் அடிப்பக்கம் கறுத்துப் போகிறது. இதுவும் மகரந்தப் பிரச்சினையா?

இல்லை. காய்க்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது. ஒருநாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

பூ நிற்க யூரியா போடச் சொல்கிறார்களே?

வேண்டாம். தழைச்சத்து கூடினால் செடி இலையாகத் தள்ளும், பூ உதிரும். மலையில் பல வீட்டுத் தோட்டங்களில் காய் பிடிக்காததற்கு மூட்டத்தை விட யூரியாவே காரணம் என்று நினைக்கிறேன். பூ தொடங்கியதும் யூரியாவை நிறுத்துங்கள், சாம்பல் சத்துள்ள (பொட்டாசியம்) பசளை பக்கம் போங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளிச் செடியைத் திறந்து விட்டால் காற்று உள்ளே புகும், பூவும் சீக்கிரம் காயும்.

குளிருக்கு எதுவும் செய்ய முடியாதா?

கொஞ்சம் முடியும். சுவரோரமாக வையுங்கள். கல் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடும். செடிக்கு மேலே பொலித்தீனால் கூரை மட்டும் போட்டுப் பக்கங்களைத் திறந்து வைத்தால் மழையும் பனியும் பூவில் விழாது, காற்றும் வரும். மலையகத்துக்கு முழுதாக மூடிய கூடாரத்தை விட இந்த அரைக் கூரையையே நான் சொல்வேன், மிகக் குளிர்ந்த இடங்களைத் தவிர. சின்னப் பழம் தரும் செரி தக்காளி வகைகள் குளிரிலும் ஓரளவு காய் பிடிக்கும். உங்கள் உயரத்துக்கு எந்த இனம் பொருந்தும் என்று கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

கூடாரத்தில் நூற்றுக்கணக்கான செடி. ஒவ்வொரு பூவாகத் தட்ட முடியுமா?

முடியாது, வேண்டியதும் இல்லை. செடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தால், கயிறு கட்டிய மேல் கம்பியைத் தடியால் தட்டிக்கொண்டே நடங்கள், வரிசை முழுக்க அதிரும். முதுகில் மாட்டும் காற்றூதியை, மருந்து தெளிக்காத சுத்தமான ஒன்றை, தூரத்தில் பிடித்துப் பூங்கொத்துப் பக்கம் ஊதினாலும் நடக்கும். முதலில் பக்கத் திரைகளைச் சுருட்டி ஈரத்தை வெளியே விடுங்கள்.

ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களில் ஒரு காலத்தில் ஆட்கள் அதிரும் கருவியோடு பூப் பூவாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். 1987இல் பெல்ஜியத்தில், இதே போல உடம்பை அதிர வைக்கும் பம்பிள் தேனீக்களை வளர்த்து விற்கத் தொடங்கிய பிறகு அந்த வேலை குறைந்தது. அந்தப் பெட்டிகளை இங்கே இறக்குவிக்கலாமே என்று யோசிக்க வேண்டாம். அந்த இனம் நம் நாட்டுக்குரியது அல்ல, வெளியே தப்பினால் இருக்கிற வண்டுகளுக்குப் போட்டியும் நோயும்.

பூவைத் தேடிக் குளவி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தேயிலை மலையில் குளவிக் கொட்டு வாங்கியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பயம் நியாயம்தான். ஆனால் தக்காளிக்கு அவை வருவது அரிது, தேன் இல்லாத பூவில் அவற்றுக்கு வேலை இல்லை. வரும் கருவண்டு பார்க்கத்தான் முரட்டு உருவம், அதைப் பிடித்து நசுக்காதவரை கொட்டாது. அதைத் துரத்தாதீர்கள். பூச்சிநாசினி அடித்தே ஆக வேண்டும் என்றால் பூ விரிந்திருக்கும் பகல் வேளையில் அடிக்காமல் அந்திக்குத் தள்ளுங்கள்.

பூவில் தெளிக்கும் ஹோர்மோன் மருந்து நல்லதா?

சில நாடுகளில் குளிர்காலக் கூடாரங்களில் அடிக்கிறார்கள். மகரந்தம் இல்லாமலே காய் வைக்கும், ஆனால் விதை இருக்காது, உள்ளே வெற்றிடம் விழும். அளவு கொஞ்சம் கூடினால் தளிர் முறுக்கிக்கொள்ளும். அவற்றில் சில, களைநாசினிகளின் நெருங்கிய உறவுகள். நாலு செடிக்கு இதெல்லாம் வேண்டாத வேலை.

கை பட்டால் நோய் பரவாதா?

பரவும். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள், இலை சுருண்ட செடியையோ கருகல் விழுந்த செடியையோ கடைசியாகப் பாருங்கள், அல்லது தொடவே தொடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் சுருட்டு, பீடி பிடிப்பவர்களும் கட்டாயம் கழுவ வேண்டும். புகையிலையில் இருக்கும் தேமல் வைரசு விரலோடு வந்து தக்காளியில் ஏறும். பாட்டியைச் செடி தட்ட அனுப்பும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிப் பிடித்த காயிலிருந்து விதை எடுக்கலாமா?

தட்டுவதால் விதை கலப்பதில்லை, பூ தன் மகரந்தத்தையே வாங்குகிறது. கரண்டியில் பல இனங்களின் தூளைச் சேர்த்துத் தொட்டால்தான் கலக்கும். கடையில் வாங்கிய கலப்பின விதை என்றால் எப்படிச் செய்தாலும் அடுத்த தலைமுறை தாய்ச் செடி மாதிரி வராது.

கத்தரி, மிளகாய், பூசணிக்கும் இதே முறையா?

கத்தரி, மிளகாய், கறிமிளகாய் எல்லாம் தக்காளியின் சொந்தக்காரர்கள், தட்டினால் போதும். பூசணி, பாகல், வெள்ளரி வேறு மாதிரி. அவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடுவதால், அதற்கு மட்டும் பெரட்டுக்குப் போகும் முன்பே எழுந்து, ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் நேராகத் தேய்த்துவிட வேண்டும். மழை பெய்யும் விடியல் என்றால் தேய்த்த பிறகு பெண் பூவின் இதழ்களைக் கூட்டி ஒரு ரப்பர் பட்டியால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், தண்ணீர் உள்ளே போகாது.